நிபந்தனைத் தொடரும் தமிழ் மாணவரும்: ஆங்கில இலக்கணக் கற்பித்தல் மரபு பற்றிய ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஆங்கில இலக்கணத்தில் நம் மாணவர்களை நெடுங்காலமாக இடர்ப்படுத்திவரும் பகுதிகளுள் நிபந்தனைத் தொடர்கள் ஒன்று. 'இஃப்' என்னும் சொல்லைத் தலையில் கொண்ட ஒரு துணைத்தொடரும் அதனைச் சார்ந்து விளைவைக் கூறும் ஒரு முதன்மைத்தொடரும் இணைந்தது நிபந்தனைத் தொடர். இவ்வளவே அதன் கட்டமைப்பு. எனினும், இலக்கண ஏட்டில் இருபது கோடிட்ட இடங்களைப் பிழையின்றி நிரப்பிய மாணவன், அடுத்த வாரக் கட்டுரையில் அதே தொடரைத் தவறாக எழுதுவது ஆசிரியர் பலரும் அறிந்த நிலை. பயிற்சி போதவில்லை என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். பயிற்சியின் அளவை விட, பயிற்சிக்கு அடிப்படையான வகைப்பாடே மறுபரிசீலனைக்கு உரியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கெடா மாநிலத்தின் கோலா மூடா மாவட்டத்தை மனத்திற் கொண்டு இக்கட்டுரை அமைகிறது. சுங்கைப் பட்டாணி, பீடோங் முதலிய நகரங்களும் அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களும், மூடா ஆறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள கோத்தா கோலா மூடாவும் அடங்கிய வட்டாரம் இது. இங்குள்ள தமிழ்ப்பள்ளி மாணவன் ஆறாண்டுகள் தமிழ்வழிக் கற்று, பின்னர் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறான். ஆங்கிலம் இரண்டிலும் ஒரு பாடம். ஆகவே, அவன் ஆங்கில நிபந்தனைத் தொடரை எதிர்கொள்ளும்போது தமிழ், மலாய் என்னும் இருமொழிகளின் நிபந்தனை முறைகள் அவனிடம் முன்பே குடிகொண்டுள்ளன. இவ்விரண்டையும் கணக்கில் கொள்ளாத கற்பித்தல் எங்கே வழுவுகிறது என்பதைக் காண்பதும், தமிழாசிரியர் இதில் ஆற்றக்கூடிய பங்கினைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள். ஆங்கில, மலாய் எடுத்துக்காட்டுகள் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன. அவை விளக்கத்தின்பொருட்டு அமைக்கப்பட்டவை.

பாடநூல் மரபின் வகைப்பாடு

உலகெங்கும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவோ அயன்மொழியாகவோ கற்பிக்கும் நூல்கள் நிபந்தனைத் தொடர்களை எண்ணிட்டு வகைப்படுத்துகின்றன. பொது உண்மையைக் கூறுவது சுழிய வகை. எதிர்காலத்தில் நிகழக்கூடியதைக் கூறுவது முதல் வகை. நிகழ்வதற்கு அரியதைக் கற்பனையாகக் கூறுவது இரண்டாம் வகை. கடந்த காலத்தில் நிகழாது போனதைக் கூறுவது மூன்றாம் வகை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு வாய்பாடு உண்டு. முதல் வகைக்குத் துணைத்தொடரில் நிகழ்காலமும் முதன்மைத்தொடரில் 'வில்' என்னும் துணைவினையும். இரண்டாம் வகைக்கு இறந்தகாலமும் 'வுட்' என்பதும். மூன்றாம் வகைக்கு 'ஹேட்' சேர்ந்த முற்றிறந்த காலமும் 'வுட் ஹேவ்' என்பதும் வருதல் வேண்டும்.

இவ்வகைப்பாட்டை முற்றிலும் புறந்தள்ளுவது முறையன்று. குறைந்த நேரத்தில் மிகுந்த மாணவர்க்குக் கற்பிக்க வேண்டிய ஆசிரியருக்கு இது கைகொடுக்கிறது. தேர்வில் வினாவை அடையாளம் காண உதவுகிறது. மூன்று வாய்பாடுகளையும் நினைவிற் கொண்ட மாணவன் எதுவும் அறியாத மாணவனை விட மேலான நிலையில்தான் இருக்கிறான்.

ஆனால், இது மொழியின் இயல்பை விளக்கும் வகைப்பாடு அன்று. மிகுதியாக வழங்கும் சில சேர்க்கைகளின் பட்டியலே ஆகும். ஆங்கில இலக்கண அறிஞர்கள் இதனை வேறுவிதமாக நோக்கியுள்ளனர். குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகியோர் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம் நிபந்தனையைத் திறந்த நிபந்தனை, கற்பித நிபந்தனை என இரண்டாகவே பகுக்கிறது. 2002இல் வெளிவந்த ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோரின் கேம்பிரிட்ஜ் இலக்கணமும் திறந்தது, தொலைநிலையது என இருபாற்படுத்துகிறது. மைக்கேல் லூயிஸ் 1986இல் வெளியிட்ட ஆங்கில வினை பற்றிய நூலில், இறந்தகால வடிவம் காலத்தை மட்டுமன்றித் தொலைவையும் குறிக்கிறது என்னும் கருத்தை வலியுறுத்தினார். இக்கருத்துகளின் சாரம் ஒன்றே. நிபந்தனைத் தொடரில் முதற்கண் கேட்க வேண்டிய வினா 'இது எத்தனையாம் வகை?' என்பதன்று, 'பேசுவோன் இதனை நடப்புக்கு அருகில் வைக்கிறானா, தொலைவில் வைக்கிறானா?' என்பதே.

எண்ணிட்ட வகைப்பாடு இவ்வினாவை மறைத்துவிடுகிறது. அதனுள் அடங்காத தொடர்களும் பல. 'அன்று படித்திருந்தால் இன்று ஆசிரியராக இருப்பான்' என்னும் கருத்தை ஆங்கிலத்தில் கூறும்போது துணைத்தொடர் மூன்றாம் வகையாகவும் முதன்மைத்தொடர் இரண்டாம் வகையாகவும் அமையும். இதனைக் 'கலப்பு வகை' என்று தனியே பெயரிட்டு, விதிவிலக்கு போலக் கற்பிக்கின்றனர். உண்மையில் இதில் கலப்பு ஏதுமில்லை. நிபந்தனை நேற்றைக்கு உரியது. விளைவு இன்றைக்கு உரியது. வடிவங்கள் அவ்வாறே அமைகின்றன. தமிழ் மாணவன் தன் மொழியில் இயல்பாகச் சொல்லும் ஒரு தொடர், ஆங்கில வகுப்பில் அரிய விதிவிலக்காக அவன்முன் வைக்கப்படுகிறது.

மற்றொரு வகையும் நோக்கத்தக்கது. 'பசித்தால் அடுப்படியில் இட்லி இருக்கிறது' என்கிறோம். பசிப்பதனால் இட்லி தோன்றுவதில்லை. பசிக்காவிட்டாலும் அது அங்கே இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு மெய்யியலாளர் ஆஸ்டின் 1956ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் இத்தகைய தொடர்களைச் சுட்டினார். அவர் காட்டியது பிஸ்கட்டு பற்றிய எடுத்துக்காட்டு. நிபந்தனையும் விளைவும் காரண காரியத் தொடர்பு கொண்டவை என்று மட்டும் கற்பிக்கும் பாடத்தில் இதற்கு இடமில்லை. அன்றாடப் பேச்சிலோ இது மலிந்து கிடக்கிறது.

தமிழில் நிபந்தனை

தொல்காப்பியம் வினையியலில் கூறும் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பதனுள் 'செயின்' என்பதும் ஒன்று. நன்னூலார் பன்னிரண்டு வாய்பாடுகளைக் காலம்பற்றி மூன்றாகப் பகுத்து, 'செயின்' என்பதனை எதிர்காலத்துக்கு உரியவற்றுள் வைத்தார். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தை நிபந்தனை நோக்கில் படித்தால், பத்துக் குறட்பாக்களுள் பாதிக்கு மேற்பட்டவை மழை பெய்யாது போனால் நிகழ்வது யாது என்னும் அமைப்பில் இருப்பதைக் காணலாம். 'இன்', 'கால்', 'ஏல்' எனப் பல ஈறுகள் அங்கே நிபந்தனைப் பொருளில் வருகின்றன. தமிழ்ப்பள்ளிகளில் திருக்குறளை மனனம் செய்யும் மாணவன் நிபந்தனைத் தொடரின் பல வடிவங்களை, அவை நிபந்தனைத் தொடர்கள் என்று அறியாமலேயே, கற்றுவிடுகிறான்.

இக்காலத் தமிழில் 'செய்தால்' என்னும் வடிவமே பெருவழக்கு. இது வினையின் இறந்தகால அடியோடு 'ஆல்' ஈறு சேர்ந்து அமைவது. வந்தால், போனால், சொன்னால், படித்தால் என்பவற்றில் இறந்தகால இடைநிலையைத் தெளிவாகக் காணலாம். ஆனால் பொருள் இறந்தகாலம் அன்று. 'நாளை வந்தால் தருவேன்' என்பதில் இறந்தகால அடியும் எதிர்காலப் பொருளும் முரணின்றி நிற்கின்றன. இதனை எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் விவாதத்திற்கு இது இன்றியமையாத செய்தி. ஆங்கிலத்தில் இறந்தகால வடிவம் இறந்தகாலம் அல்லாத பொருளில் வருவதைப் பெரும் புதிராக முன்வைக்கும் பாடம், அப்புதிருக்குரிய விடை மாணவனின் தாய்மொழியிலேயே இருப்பதை அறியாதிருக்கிறது.

ஆயினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. தமிழில் 'செய்தால்' நிபந்தனை அனைத்துக்கும் பொது. 'மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது' என்பது தோட்டப்புறத்தில் எக்காலத்துக்கும் உரிய உண்மை. மரப்பட்டை நனைந்தால் பால் கோட்டுவழி இறங்காமல் சிதறிப்போகும். 'நாளை மழை பெய்தால் வேலை இல்லை' என்பது வரவிருக்கும் ஒரு நாளைப் பற்றியது. 'இந்நேரம் மழை பெய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்' என்பது வறட்சியில் எழும் ஏக்கம். மூன்றிலும் 'பெய்தால்' மாறவில்லை. ஆங்கிலம் முதலிரண்டில் நிகழ்கால வடிவத்தையும் மூன்றாவதில் இறந்தகால வடிவத்தையும் வேண்டும்.

மேலும், தமிழின் 'ஆல்' ஈறு ஐயத்துக்கு இடமில்லாத நிகழ்ச்சிகளிலும் வரும். 'விடிந்தால் தீபாவளி' என்கிறோம். விடியுமா என்னும் ஐயம் அதில் சிறிதும் இல்லை. ஆங்கிலத்தில் இங்கு 'இஃப்' பொருந்தாது. 'வென்' போன்ற காலச் சொல்லையோ வேறு அமைப்பையோ நாட வேண்டும். 'ஆல் என்றால் இஃப்' என்று சமன்பாடு கற்பிக்கும் ஆசிரியர் இவ்விடத்தில் மாணவனைத் தவறான வழியில் செலுத்திவிடுகிறார்.

கடந்த காலத்தில் நிகழாததைக் கூறத் தமிழ் 'இரு' என்னும் துணைவினையைத் துணைக்கழைக்கிறது. 'வந்திருந்தால் பார்த்திருப்பேன்' என்பதில் அது இரு தொடர்களிலும் இடம்பெறுகிறது. 'வந்திருந்தால்' என்பது தனித்து நின்று நிகழாமையைக் காட்டுவதில்லை. 'அவர் வந்திருந்தால் சொல்' என்பதில் அவர் வந்தாரா இல்லையா என்பது தெரியாது. அது திறந்த நிபந்தனை. 'பார்த்திருப்பேன்' என்னும் முற்று வந்த பின்னரே நிகழாமைப் பொருள் உறுதிப்படுகிறது. தமிழில் நிபந்தனையின் மெய்ம்மையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதன்மைத்தொடரின் முற்றே எனலாம்.

இங்ஙனம் நோக்கின் ஒரு முடிவு பெறப்படுகிறது. கடந்த கால நிகழாமையைக் கூறத் தமிழில் தெளிவான அமைப்பு உண்டு. நிகழ்காலத் தொலைநிலையைக் கூறவோ தனி வினைவடிவம் இல்லை. 'பணம் இருந்தால் தருவேன்' என்பது, 'இருக்கிறதா என்று பார்க்கிறேன், இருந்தால் தருவேன்' என்றும் பொருள்படும், 'என்னிடம் இல்லை, இருக்குமாயின் தந்துவிடுவேன்' என்றும் பொருள்படும். வேறுபாட்டைக் குரலும் சூழலும் உணர்த்துகின்றன; சில வேளைகளில் 'பணம் மட்டும் இருந்தால்' என 'மட்டும்' என்னும் சொல் உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் முன்னது 'இஃப் ஐ ஹேவ் மனி, ஐ வில் கிவ் இட்'. பின்னது 'இஃப் ஐ ஹேட் மனி, ஐ வுட் கிவ் இட்'. ஆகவே, தமிழ் மாணவனுக்குப் பொருளளவில் புதியது இரண்டாம் வகையே; மூன்றாம் வகை அன்று. பாடநூல்களோ மூன்றாம் வகையைக் கடினமானதென இறுதியில் வைத்து, இரண்டாம் வகையை முதல் வகையின் சிறு மாற்றம்போல் கடந்து செல்கின்றன.

மலாயின் வழி

மலாய்மொழியில் வினை காலத்திற்கேற்ப வடிவம் மாறுவதில்லை. நிபந்தனையைக் காட்டும் பொறுப்பு முழுவதும் இணைப்புச் சொல்லைச் சார்ந்தது. 'கலாவ்', 'ஜிக்கா' ஆகியவை பொதுவானவை. 'செக்கிரான்யா', 'அண்டாய் காத்தா' போன்றவை கற்பனையின் சாயலை மிகுவிக்கின்றன. 'கலாவ் சாயா தாஹு, சாயா தா பெர்கி' என்னும் பேச்சுவழக்குத் தொடர் 'தெரிந்தால் போகமாட்டேன்' என்றும், 'தெரிந்திருந்தால் போயிருக்கமாட்டேன்' என்றும் சூழலுக்கேற்பப் பொருள் தரும்.

ஆக, நம் மாணவன் மூன்று வழிகளுக்கு நடுவே நிற்கிறான். தமிழ் வினையின் ஈற்றில் நிபந்தனையை வைக்கிறது. மலாய் வினையைத் தொடாமல் தனிச்சொல்லில் வைக்கிறது. ஆங்கிலம் தனிச்சொல்லையும் இட்டு, இரு தொடர்களின் வினைவடிவங்களையும் மாற்றுகிறது. 'இஃப்' என்பதை இட்டதும் நிபந்தனை முடிந்துவிட்டது என்று மாணவன் எண்ணினால், மலாயின் முறையையே அவன் ஆங்கிலத்தில் பின்பற்றுகிறான் எனக் கொள்ள இடமுண்டு. மலேசிய ஆங்கிலப் பேச்சில் வினைவடிவ வேறுபாடுகள் நெகிழ்வதும் இப்போக்கிற்குத் துணையாகிறது.

பிழைகளின் தோற்றுவாய்

ராபர்ட் லாடோ 1957இல் முன்வைத்த உறழ்மொழியியல் அணுகுமுறை, இருமொழிகளின் வேறுபாடுகளைக் கொண்டு கற்போரின் இடர்ப்பாடுகளை முன்னறியலாம் என்றது. பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரை, பிழைகள் கற்போனின் மனத்தில் உருவாகிவரும் இலக்கணத்தின் சான்றுகள் என்னும் நோக்கினைத் தந்தது. பின்னதை ஏற்கும்போது, எல்லாப் பிழைகளையும் தாய்மொழியின் தலையில் சுமத்தும் எளிய வழக்கத்தைக் கைவிட வேண்டியவர்களாகிறோம். மூன்று பிழைகளை இங்குச் சோதிக்கலாம்.

முதலாவது, 'இஃப் இட் வில் ரெய்ன்' என எழுதுவது. இது தமிழின் தாக்கம் எனச் சொல்லப்படுவதுண்டு. 'பெய்தால்' என்பதில் எதிர்கால இடைநிலை ஏதும் இல்லை. எனவே இப்பிழைக்குத் தமிழ் காரணமாதல் அரிது. எதிர்கால நிகழ்ச்சிக்கு 'வில்' வரும் என்று ஆங்கில வகுப்பில் கற்ற விதியை மாணவன் துணைத்தொடருக்கும் நீட்டிக்கிறான் என்பதே பொருத்தமான விளக்கம். அதுவன்றி, 'இஃப்' தொடரில் 'வில்' வரவே வராது என்னும் விதியும் முழுமையானது அன்று. பணிவான வேண்டுகோளில், இசைவைக் குறிக்கும் பொருளில், அது வரும்.

இரண்டாவது, 'இஃப் இட் ரெய்ன்ட் டுமாரோ, வீ வில் ஸ்டே' எனத் துணைத்தொடரில் இறந்தகாலமும் முதன்மைத்தொடரில் 'வில்' என்பதும் கலப்பது. 'பெய்தால்', 'இருப்போம்' என்னும் தமிழ் வடிவங்களின் நேர்ப்பெயர்ப்பாக இதனைக் காணலாம். தமிழ்த்தாக்கத்தை உறுதியாகக் கூறத்தக்க இடம் இது.

மூன்றாவது, 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' என இரு தொடர்களிலும் 'வுட் ஹேவ்' இடுவது. தமிழில் 'இரு' என்னும் துணைவினை இருபுறமும் வருவதால் இச்சமச்சீர் ஆங்கிலத்திற்கும் கொண்டுசெல்லப்படுகிறது எனத் தோன்றக்கூடும். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர், குறிப்பாக அமெரிக்கர், பேச்சிலும் இவ்வடிவம் கேட்கிறது. எனவே தமிழைக் காரணம் காட்டுமுன் தயங்க வேண்டும். மூன்று பிழைகளுக்கு மூன்று வெவ்வேறு தோற்றுவாய்கள் இருக்க, மூன்றுக்கும் 'வாய்பாட்டை மனனம் செய்' என்னும் ஒரே மருந்து தரப்படுகிறது.

நிகழாததைச் சொல்லும் உரிமை

ஒரு மொழியில் ஒரு வடிவம் இல்லையெனின் அதற்குரிய சிந்தனையும் அம்மொழியாளரிடம் இல்லை எனக் கருதும் ஆபத்தும் உண்டு. ஆல்ஃபிரட் புளூம் 1981இல் வெளியிட்ட நூலில், சீனமொழியில் நிகழாமை நிபந்தனைக்குத் தனி வடிவம் இன்மையால் சீனமொழியாளர் அத்தகைய சிந்தனையில் இடர்ப்படுகின்றனர் என வாதிட்டார். தெரி ஆவ் 1983இல் வெளியிட்ட ஆய்வு, கதைப்பகுதிகளை இயல்பான சீனத்தில் எழுதித் தந்தபோது அவ்விடர்ப்பாடு மறைவதைக் காட்டியது. இவ்விவாதம் நமக்குத் தரும் பாடம் தெளிவானது. இரண்டாம் வகையைத் தவறாக எழுதும் தமிழ் மாணவனுக்குக் கற்பனை வறட்சி இல்லை. அவனுக்கு வேண்டுவது, தன் குரலிலும் சூழலிலும் வைத்திருந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் வினைவடிவில் வைக்க வேண்டும் என்னும் விளக்கமே.

இது வெறும் இலக்கணச் சிக்கல் அன்று என்பதற்குக் கோத்தா கோலா மூடாவே சான்று. 26.12.2004 அன்று சுமத்திராவின் வடமேற்குக் கடலில் எழுந்த நிலநடுக்கத்தைத் தொடர்ந்து ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியது. ஒரு காலத்தில் கடாரத்தோடு வாணிகமும் சமயமும் இணைத்திருந்த நாகப்பட்டினத்தையும் அதே பேரலை அன்று தாக்கியது. பசிபிக் பெருங்கடலில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே எச்சரிக்கை அமைப்பு செயல்பட்டுவந்தது. இந்தியப் பெருங்கடலில் அன்று அத்தகைய அமைப்பு இல்லை. 'எச்சரிக்கை கிடைத்திருந்தால் பலர் தப்பியிருப்பர்' என்னும் தொடரே பின்னர் இந்தியப் பெருங்கடல் எச்சரிக்கை அமைப்பு உருவாவதற்கு அடிகோலியது. மூன்றாம் வகை நிபந்தனை என்று பாடநூல் பெயரிடுவது இதனைத்தான். நிகழ்ந்ததை நிகழாதிருந்ததோடு ஒப்பிட்டுப் பொறுப்பையும் படிப்பினையையும் கண்டறியும் கருவி அது. வரலாறும் சட்டமும் மருத்துவமும் அறிவியலும் இக்கருவியின்றி இயங்கா. இதனை ஆங்கிலத்தில் கையாளத் தெரியாத மாணவன் உயர்கல்வியில் வாதிடும்போது பாதி வாயடைக்கப்பட்டவன் ஆகிறான்.

பயிற்சி முறை குறித்துச் சில பரிந்துரைகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் சில வழிகளை முன்வைக்கலாம். முதலாவதாக, வகை எண்ணுக்கு முன் இரண்டு வினாக்களை மாணவர் கேட்கப் பழக வேண்டும். 'பேசுவோன் இதனை நடக்கக்கூடியதாகக் கருதுகிறானா?' என்பது ஒன்று. 'நிபந்தனை எக்காலத்துக்கு உரியது, விளைவு எக்காலத்துக்கு உரியது?' என்பது மற்றொன்று. நடக்கக்கூடியது எனின் வினை தன் இயல்பான வடிவில் நிற்கும். எதிர்காலத்துக்கு மட்டும் துணைத்தொடரில் நிகழ்கால வடிவம் வரும். தொலைவில் வைக்கிறான் எனின் வினைவடிவம் ஒரு படி பின்னே செல்லும். இவ்வொரு விதி மூன்று வாய்பாடுகளையும், கலப்பு எனப்படுவதையும் உள்ளடக்கும்.

இரண்டாவதாக, ஒரே தமிழ்த்தொடருக்கு இரு சூழல்களைத் தந்து இரு ஆங்கிலத் தொடர்களைப் பெறும் பயிற்சி பயன்தரும். 'நேரம் இருந்தால் வருவேன்' என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். நாட்குறிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்பவர் ஒருவர். வர இயலாமைக்கு வருந்திச் சொல்பவர் மற்றொருவர். இருவர் கூற்றும் தமிழில் ஒன்றாகவும் ஆங்கிலத்தில் இரண்டாகவும் அமைவதை மாணவரே கண்டறிவர். கோடிட்ட இடத்தை நிரப்புவதில் இக்கண்டறிதல் நிகழ்வதில்லை. சூழல் நீக்கப்பட்ட தொடரில் பேசுவோனின் நிலைப்பாட்டுக்கு இடமே இல்லை.

மூன்றாவதாக, மாணவர் அறிந்த வாழ்விலிருந்து தொடர்கள் எழ வேண்டும். மழையும் தோட்ட வேலையும் பொது உண்மைக்கும் நாளைய நிகழ்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். ஏலம் எடுப்போர் மீனவரின் காதில் விலையைக் கிசுகிசுக்கும் கோலா மூடாச் சந்தை, 'இவ்விலைக்குத் தந்தால்', 'இன்னும் சற்று ஏற்றிக் கேட்டிருந்தால்' என்னும் தொடர்களின் களஞ்சியம். ஆழிப்பேரலையும் ஏற்ற பொருளே. இன்றைய மாணவர் அதன்பின் பிறந்தவர்கள் என்றாலும் இழப்புற்ற குடும்பத்தினர் வகுப்பில் இருக்கக்கூடும் என்பதை ஆசிரியர் மறத்தல் ஆகாது.

நான்காவதாக, தமிழ் இலக்கணப் பாடமும் இதில் கடமைப்பட்டுள்ளது. வினையெச்சத்தைத் தெரிநிலை, குறிப்பு எனப் பகுத்து எடுத்துக்காட்டு கூறுவதோடு நின்றுவிடாமல், 'செய்தால்', 'செய்திருந்தால்', 'செய்தாலும்', 'செய்யாவிட்டால்' ஆகியவற்றின் பொருள் வேறுபாடுகளை மாணவர் உணருமாறு கற்பித்தல் வேண்டும். தமிழில் நிபந்தனையைப் பொருள்நோக்கில் ஆராய்ந்த மாணவன் ஆங்கில வகுப்பிற்கு வெறுங்கையோடு செல்வதில்லை.

மறுப்புகளும் விடைகளும்

ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே வழங்க வேண்டும் என்பாரின் மறுப்பு ஒன்று. மொழியில் திளைத்தல் வேண்டும் என்னும் அவர்தம் கருத்து ஏற்கத்தக்கதே. அதிலும், வகுப்புக்கு வெளியே ஆங்கிலம் கேட்க வாய்ப்புக் குறைந்த தோட்டப்புற மாணவருக்கு அது மிகவும் தேவை. இங்குப் பரிந்துரைக்கப்படுவது மொழிபெயர்ப்பு வகுப்பன்று. ஒரு பாடவேளையில் சில நிமிடங்கள் செய்யும் ஒப்பீடு, எஞ்சிய நேரத்து ஆங்கிலப் பயிற்சியைப் பொருளுடையதாக்கும். தமிழறியாத ஆங்கில ஆசிரியர் பணிபுரியும் இடைநிலைப்பள்ளியில் இது இயலாது என்பது மற்றொரு மறுப்பு. அதனால்தான் தமிழாசிரியரின் பங்கு இங்கு வலியுறுத்தப்படுகிறது. ஒப்பீட்டின் தமிழ்ப்பாதி தமிழ் வகுப்பிலேயே நிறைவுறலாம்.

பாடநூல்களைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தை ஒட்டி ஆங்கிலப் பாடத்திட்டம் சீரமைக்கப்பட்டபோது, 2018 முதல் 'சூப்பர் மைண்ட்ஸ்', 'பல்ஸ்' முதலிய அயல்நாட்டு வெளியீடுகள் நம் வகுப்பறைகளுக்கு வந்தன. பல நாட்டு மாணவர்க்குப் பொதுவாக எழுதப்படும் நூலில் தமிழ், மலாய் அமைப்புகளுக்கு இடமிருக்கும் என எதிர்பார்த்தல் பொருந்தாது. அது நூலாசிரியரின் குற்றமும் அன்று. நூலுக்கும் மாணவனுக்கும் இடைப்பட்ட அவ்வெளியை நிரப்பும் துணைப்பாடங்களை இந்நாட்டிலேயே ஆக்கிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் இணைந்து செய்யத்தக்க பணி இது.

முடிவுரை

எண்ணிட்ட வகைப்பாடு தேர்வுக்கு உதவும் நினைவுக் குறிப்பு. மொழியறிவு அதற்கு அப்பாற்பட்டது. தமிழ் மாணவனுக்கு உண்மையில் புதியது நிகழ்காலத் தொலைநிலையே என்பதும், இறந்தகால அடி இறந்தகாலம் அல்லாத பொருளில் வருதல் அவன் தாய்மொழியிலேயே உள்ள இயல்பு என்பதும், பிழைகள் அனைத்துக்கும் தாய்மொழியைக் காரணமாக்குதல் தகாது என்பதும் இக்கட்டுரையில் எடுத்துரைக்கப்பட்டன. இரண்டாம் வகையை முதன்மைப்படுத்தும் பாடவரிசையும், ஒரு தமிழ்த்தொடருக்கு இரு சூழல் தரும் பயிற்சியும் வகுப்பறைகளில் சோதித்துப் பார்க்கத்தக்கவை. கோலா மூடா வட்டாரப் பள்ளிகளில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரு பருவம் இணைந்து இதனைச் செய்து பார்த்தால், பெறப்படும் மாணவர் எழுத்துகளே இக்கருத்துகளின் வலிமையையும் எல்லையையும் காட்டும்.